அனுமதி இல்லாத தண்ணீர்

இன்று காலை குமாரபாளையத்தில் எங்கள் ஓப்பன் சோர்ஸ் குழுவின் திட்டக் கூட்டம்.

மலிவான தண்ணீர் வடிகட்டி ஒன்றின் வரைபடத்தை, ‘யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்’ என்று போன வருடமே இணையத்தில் போட்டிருந்தோம். அதை மக்களிடம் கொண்டுபோவது எப்படி என்பதுதான் பேச்சு.

பாதி நேரம் லோகோவிலேயே போனது. நீலமா, பச்சையா என்று ஒரே சண்டை.

அப்போது தறிப்பட்டறை வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர் கவிதா எழுந்தார்.

“ஏனுங்க, எங்க தெருவுல அந்த வடிகட்டியச் செஞ்சு வச்சாச்சுங்க. போர் தண்ணியில இப்ப துரு வாசமே இல்லீங்க. எல்லா ஊட்டுக்கும் அதைத்தான் புடிக்கறாங்க.”

நான் கைதட்டிவிட்டேன். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாரைக் கேட்டுங்க செஞ்சீங்க?”

“யாரு வேணும்னாலும் செய்யலாம்னு நீங்கதானுங்களே போட்டிருந்தீங்க?”

“அது கொள்கைங்க அம்மிணி. அதுக்குன்னு நெசமாவே செஞ்சு போடறதா?”

உடனே விசாரணைக்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். கைதட்டிய குற்றத்துக்காக என்னையும் அதில் போட்டுவிட்டார்கள்.

மத்தியானமே குடத்தோடு விசாரணைக்குப் போனேன். தெருவே வரிசையில் நின்றது. நானும் நின்று பிடித்து வந்தேன். தண்ணீர் அருமையாக இருக்கிறது.

அறிக்கையில் யாரைக் குற்றவாளி என்று எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கள்.