வாடகை வீட்டுச் சொம்பு

கல்லூரிக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் நாங்கள் வாடகைக்கு விடும் வீட்டின் சமையல் மேடையில் ஓர் எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. குடியிருக்கும் மாணவிகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சொம்பு மட்டும் மாறுவதில்லை. அதை அங்கே வைத்தவர் காலஞ்சென்ற என் அண்ணன். அவரைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகப் பேசுவார்கள். அந்தச் சொம்பைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்; அன்று உடனிருந்தவன் நான்.

அண்ணன் மதுக்கரைப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்தில் பங்காளித் தகராறு என்றால் அவரைத்தான் அழைப்பார்கள். போகிற வீட்டில் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். "தண்ணி வேண்டாம்னு சொல்லிப்போட்டு நாயம் பேச உக்காந்தா, ஊட்டுக்காரன் நம்மள நம்பமாட்டான்" என்பார். எந்தெந்த வீடுகளில் அவ்வாறு குடித்தார், எவற்றின் வாசலில் நின்றபடியே பேசித் திரும்பினார் என்று பிரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் தலைமுறையில் அதை யாரும் முகத்துக்கு நேராகக் கேட்டதில்லை.

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காத மாணவிகளுக்கு அவர் அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறு கட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுவாணிக் குடிநீர் இணைப்பு வாங்காததால் குடிக்கவும் சமைக்கவும் ஆழ்குழாயின் உப்புத் தண்ணீர்தான். மாணவிகள் ஒன்றுசேர்ந்து கல்லூரி முதல்வரிடம் முறையிட்டுவிட்டார்கள். அதே கல்லூரியில் நான் அப்போது துறைத்தலைவர். முதல்வர் என்னை அழைத்து மிகுந்த நாகரிகத்துடன்தான் தெரிவித்தார். ஆயினும் எங்கள் குடும்பத்தின் பெயர் அந்த அறையில் அப்படி அடிபட்டதை அண்ணனால் தாங்க முடியவில்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தே என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

முறையீட்டுக்கு முன்னின்றவள் சத்தியமங்கலத்திலிருந்து வந்து இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த பெண். பெற்றோர் கரும்பு வெட்டும் கூலிகள். இருக்க இடமில்லை என்றால் அவளுடைய தகப்பனார் படிப்பை நிறுத்தி ஊருக்கு அழைத்துப்போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும். அவள் யார் வீட்டுப் பெண் என்பதை அண்ணனும் விசாரித்து வைத்திருந்தார்.

கதவைத் திறந்தவள் அவள்தான். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் பேச வாயெடுப்பதற்குள் உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தன் சொம்பில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவந்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"மொதல்ல தண்ணி குடிங்கய்யா. அப்பறம் பேசலாமுங்க."

வேண்டுமென்றே செய்தாளா, வளர்ப்பே அப்படியா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சொம்பை வாங்கிய அண்ணன் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். லேசான செம்மஞ்சள் நிறம், இரும்பு வாடை. குடிக்காமல் கீழே வைத்தால், அந்தத் தண்ணீர் குடிக்கத் தகாதது என்று அவரே சொன்னதாகும். இல்லையென்றால், அவள் கையால் வாங்கிக் குடிக்க அவருக்கு மனமில்லை என்றாகும். இரண்டில் எதையும் ஊர் வாயில் விட அவர் துணியமாட்டார். மற்ற மாணவிகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அண்ணாந்து குடித்தார். நடுவில் ஒருமுறை நின்றார். பின் மிச்சத்தையும் குடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இதைத்தான் குடிக்கறீங்களா, அம்மணி?"

"இதுதானுங்க. பருப்புத்தான் இதுல வேகமாட்டேங்குதுங்க. ஊட்டைப் பாத்துக்கற உங்க மேஸ்திரிகிட்டச் சொன்னமுங்க. உப்புத் தண்ணி குடிச்சு யாரும் சாகலீன்னாருங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கும் ஒரு சொம்பு கொண்டா, அம்மணி. காலேஜுல பாடஞ் சொல்றவன். ருசி பாத்துச் சொல்லட்டும்." சுவரோரம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நானும் குடித்தேன்.

வீட்டைக் காலி செய்யும் பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அது அவர் வழக்கமன்று. சில வாரங்களில் சிறுவாணிக் குழாய் வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. கூரைக்கு அடியில் தட்டி அடித்தார்கள். படிப்பை முடித்துக்கொண்டு அந்தப் பெண் தன் சொம்புடன் ஊருக்குப் போனதும், அண்ணன் அதே அளவில் ஒன்று வாங்கிவந்து மேடையில் வைத்தார். பிறகு எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும், அதில் குழாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்த பின்பே உட்காருவார்.

இப்போது வீடு என் பொறுப்பில். இன்றைய மாணவிகள் வீட்டுக் குறைகளின் புகைப்படங்களைக் கைபேசியில் எனக்கு அனுப்புகிறார்கள். அண்மையில் அவற்றைக் கல்லூரி அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பின்னும் அங்கே எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. கடுமையாகப் பேசவேண்டும் என்று எண்ணியே சென்ற வாரம் போனேன். ஒரு பெண் மூடி திறக்காத தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அது வேண்டாம், கண்ணு. அந்தச் சொம்புல குழாய்த் தண்ணி கொண்டா."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேண்டாமுங்க சார்," என்றாள் அவள். "தொட்டியில என்னமோ கெடக்குதுங்க. வாடை அடிக்குதுங்க."

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. சொம்பு வந்தது. அவள் சொன்ன வாடை இருந்தது. முழுவதும் குடித்தேன். அதன்பின் நாற்காலியில் அமர்ந்து, "இப்பச் சொல்லுங்க" என்றேன்.