சந்தாபுராவில் ஒரு மாதம்: மீதி எவ்வளவு?

கணக்கு, அறிவியல் ஆசிரியர் கிடைக்காத உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆள் தயார் செய்யும் பயிற்சிக்குப் பெங்களூர் போகலாமா என்று பி.எட். முடித்த தோழிகள் ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இந்தப் பதிவு. நான் போனது 2006 ஜூனில். சேவை மனப்பான்மை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஆரணியில் வேலை கிடைக்காமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆரணியிலிருந்து வேலூர் நாற்பது கிலோமீட்டர். அங்கே காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பதினொன்றரைக்குப் பெங்களூர். முதல் வாரம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கட்டடத்தில் வகுப்புகள். பிறகு ஆளுக்கொரு பள்ளி. எனக்கு விழுந்தது சந்தாபுரா தாண்டி ஒரு தமிழ் வழிப் பள்ளி. பொம்மசந்திரா கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். பெங்களூர் மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸில் சந்தாபுரா இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். கம்பெனி விடும் நேரத்தில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வரவேண்டும்.

என்னோடு அதே பள்ளிக்கு வரவேண்டிய பெண் மூன்றாம் நாளே ஊருக்குப் போய்விட்டாள். சந்தாபுராவில் இரண்டு பேருக்கு எடுத்த அறையில் நான் மட்டும். தமிழ் காதில் விழாத நாளே கிடையாது. பக்கத்து வீட்டில் தமிழ், காய்கறிக் கடையில் தமிழ். என்னோடு பேச ஒருவரும் இல்லை, அதுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனேக்கலுக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு காபி குடித்து, அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அறையில் இருந்தால் அழுகை வந்தது.

வகுப்பிலாவது பேச்சு இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு மீதித் தேற்றம். "மீதி எவ்வளவு?" என்று கேட்டால் யாராவது "சொன்னே மிஸ்" என்பார்கள். சொன்னேன் என்கிறார்கள், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது சொல்லியிருப்பார்கள் போல என்று நினைத்து, விடையை நானே எழுதிவிடுவேன். அடிக்கடி இப்படி நடக்கவே, காது டாக்டரைப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். இரண்டாம் வாரத்தில் வகுப்பு மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்தார்கள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் விமலா மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் பார்த்தார். பிள்ளைகள் வாய் திறக்காத வகுப்பென்றால் வேலை கிடையாது என்பது அங்கே விதி. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். மேடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஓடி வந்துவிட்டாள் என்ற பேச்சில்லாமல் ஊருக்குப் போய்விடலாம்.

x²−5x+6 என்று எழுதி, x-க்கு இரண்டு போட்டால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். மேடம் பார்க்கிறாரே என்று பாவப்பட்டோ என்னவோ, இரண்டாவது பெஞ்ச் ஸ்டெல்லா எழுந்து, "சொன்னே மிஸ்" என்றாள்.

"எப்பம்மா சொன்ன? எனக்குக் கேக்கவே இல்லையே."

"இப்பதான் மிஸ் சொன்னேன். சொன்னே."

கடைசி பெஞ்சில் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "டீச்சர், அது கன்னடம். 'சொன்னே'ன்னா ஜீரோ," என்றார். கணக்கு ஆசிரியர் இல்லாத இரண்டு வருடமும் கன்னட ஆசிரியர்தான் அவர்களுக்குக் கணக்கையும் எடுத்தாராம். பூஜ்யம் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது.

அப்படியென்றால் அத்தனை நாளும் சரியான விடையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"கரெக்டா சொன்னாலும் நீங்க கரெக்ட்டுன்னு சொல்லல மிஸ். பழைய மிஸ் மாதிரி நீங்களும் போய்டுவீங்கபோல, எதுக்குப் பேசணும்னு வுட்டுட்டோம்," என்றாள் ஸ்டெல்லா.

அதன்பிறகு மணி அடிக்கும்வரை அவர்களை நிறுத்த முடியவில்லை. பாடம் முடிந்ததும் விமலா மேடம் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். வேலை உங்களுக்குத்தான், ரெண்டு வருஷம் இருப்பீங்களா என்று கேட்டார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று இழுத்தேன். பள்ளி விட்டுக் கடந்து போன ஸ்டெல்லா நின்று, "மிஸ், திங்கக்கெழம வருவீங்கதானே?" என்றாள். அந்த ஊரில் நான் வருவேனா என்று யாருமே கேட்டதில்லை. வருவேன் என்றேன். மேடம் தலையாட்டிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அறையைச் சந்தாபுராவிலேயே எடுங்கள், நகரத்திலிருந்து தினமும் வந்துபோவது முடியாத காரியம். ஜூனிலேயே ஸ்வெட்டர் வேண்டும். எண்களைக் கன்னடத்தில் கற்றுக்கொண்டு போங்கள். பிள்ளைகள் பேசாவிட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். தனிமை போய்விடுமா என்றும் கேட்கிறீர்கள். போகவில்லை. இரண்டு வருடம் முடியப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்னமும் ஆனேக்கல் பஸ் ஏறிப் போய்வருகிறேன். விடிந்தால் நான் வருவேன் என்று நம்பிக் கிளம்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.