ஜப்பான் வரிக்கு ஆமென்

போன சனிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குக் கேசரி கிண்டாமல் போனேன்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்கிறீர்களா? எங்கள் கூட்டத்தில் விஷயம்தான். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட், பிளசன்டன் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினைந்து நாளைக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டு ஃபேமிலி ரூமில் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, அப்புறம் ஜெபக் குறிப்பு. அதாவது, அவரவருக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்ல வேண்டும். எழுதிக்கொள்வது நான். பத்திரிகையில் எழுதுகிறவளாயிற்றே... இந்த மாதிரிப் பதவிகள் தேடி வரும்!

கிரீன் கார்டு, பிரசவம், டிரைவிங் டெஸ்ட் என்று எல்லாம் வரும். கேட்டது கிடைத்துவிட்டால் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். கையோடு ஒரு ஸ்வீட்டும் கொண்டுவர வேண்டும். பொன்னையா அங்கிள் வைத்த வழக்கம். கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். சர்க்கரை வியாதிக்காரர், ஆனால் ஸ்வீட் விஷயத்தில் மிகவும் கறார்.

எங்களுக்குக் கேட்டது கிடைத்திருந்தது. ஆனாலும் வெறுங்கையோடு போனேன்.

என் வீட்டுக்காரர் செல்வின் ஒரு சிப் தொழிற்சாலையில் இன்ஜினியர். கம்ப்யூட்டருக்குள் போகிற மெமரி சிப். ஜப்பான்காரர்கள் அதை அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று ரெண்டு வருஷமாக இங்கே ஒரே கூப்பாடு. இவர் கம்பெனியில் முதலில் ஓவர்டைம் போச்சு. அப்புறம் சம்பளமில்லாத கட்டாய லீவு. அப்புறம் லே-ஆஃப். இவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் கிரீன் கார்டு அப்ளிகேஷன் வேறு அந்தக் கம்பெனி மூலமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சாயங்காலம் கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே, இவர் கையில் அட்டைப் பெட்டி இருக்கிறதா என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

அந்த நேரத்தில்தான், இந்த எண்பத்தேழாம் வருஷத் தொடக்கத்தில், வாஷிங்டனில் பேச்சு அடிபட்டது — சிப் விஷயத்தில் ஜப்பான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை, ஜப்பான் சாமான்களுக்கு வரி போடப் போகிறார்கள் என்று. இவருக்கு உயிர் வந்தது. அடுத்த கூட்டத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த டாரிஃப் சீக்கிரம் வந்துடணும்னு ஜெபம் பண்ணிக்கோங்க. வந்தா என் வேலை நிலைக்கும்" என்றார்.

நான் சுருக்கமாக எழுதினேன்: செல்வின் — வேலை நிலைக்க.

அதே சோபாவில் பக்கத்தில் ஜெபராஜ். இவருக்குக் காலேஜ் நாளிலிருந்து சிநேகிதர். நல்ல வேலையை விட்டுவிட்டு, வீட்டை அடமானம் வைத்து, மௌரி அவென்யூ பக்கம் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை போட்டவர். கம்ப்யூட்டரை வரவழைத்து, மோட்டல் நடத்துகிறவர்களுக்கு ரூம் புக்கிங் புரோகிராம் எழுதிப் போட்டு விற்பார். போனை எடுப்பதிலிருந்து பார்சல் கட்டுவது வரை அவர் மனைவி கிரேஸ். என்னை அக்கா என்பாள். எங்கள் பெண் ஷீபா பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. மூன்று வாரம் என் வீட்டிலேயே இருந்து பத்தியம் சமைத்துப் போட்டவள் இந்தக் கிரேஸ்தான்.

"எனக்கும் ஒரு ப்ரேயர் பாயின்ட். கடை நல்லா போகணும்" என்றார் ஜெபராஜ்.

எழுதினேன்: ஜெபராஜ் — தொழில் பெருக.

அங்கிள் ரெண்டையும் ஒரே மூச்சில் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். நிம்மதியாகச் சுண்டல் சாப்பிட்டோம்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் இவரிடம் கேட்டேன். "ஏங்க, வரி போட்டா சிப் விலை ஏறும், அப்படித்தானே?"

"சிப்புக்குப் போட மாட்டாங்க. போட்டா அதை வாங்கற நம்ம ஊர் கம்பெனிக்காரனே கத்துவான். ஜப்பான் கலர் டி.வி., டிரில் மெஷின், கம்ப்யூட்டர்... இதுக்குத்தான் போடுவாங்க. அதுல அவன் பணிஞ்சு வருவான்."

"கம்ப்யூட்டருக்கா? ஜெபராஜ் எங்கேருந்து வரவழைக்கிறார்?"

"ஜப்பான்லேருந்துதான்" என்றார் இவர். இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டு நேரே ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த கூட்டத்துக்குள் ஜெபராஜுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "போன தடவை நான் சரியா கேக்கல. அந்த டாரிஃப் வரக் கூடாதுன்னு எழுதிக்கோங்க." அதே சோபா. பக்கத்தில் இவர். மற்றவர்கள் எல்லோரும் கார்ப்பெட்டில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். அன்றைக்கு அங்கிள் பண்ணினாரே ஒரு ஜெபம்! பத்து நிமிஷம். "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்து, என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே முடித்தார். வெளியுறவு இலாகாவில் இருக்க வேண்டிய மனுஷர்.

அதற்கும் ஆமென் சொன்னோம். கிரேஸும் சொன்னாள். நானும் சொன்னேன்.

வரி வந்துவிட்டது. நூற்றுக்கு நூறு!

முதல் அடி எங்கள் வீட்டிலேயே. பழைய டி.வி.யில் மனிதர்கள் எல்லோரும் மஞ்சள்காமாலை வந்தவர்கள் மாதிரி தெரிந்ததால், பத்தொன்பது இன்ச்சில் ஒரு ஜப்பான் டி.வி. பார்த்து வைத்திருந்தேன். கடைக்குப் போனால், விலை எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் இருந்த உள்ளூர் டி.வி.யாவது சும்மா இருக்கக் கூடாதா? ஜப்பான் டி.வி. ஏறியதைப் பார்த்து அதற்கும் கொம்பு முளைத்திருந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது இன்ச் டி.வி.க்குத்தான் வரி, அதைவிடப் பெரியதற்கு இல்லை என்று கடைக்காரர் விளக்கினார். உடனே எங்கள் ஷீபா, "தென் பை எ பிக்கர் ஒன், டாடி!" என்றாள். எட்டு வயசுக்கு இருக்கிற புத்தி!

ஒன்று யோசித்துப் பார்த்தேன். மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரர் எங்கள் வி.சி.ஆரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரி போட்டபோது, நாங்கள் திட்டாத திட்டா? மிக்ஸி புதுசாகத் தெரியக் கூடாது என்று ஊருக்குக் கிளம்புமுன் ஒரு தடவை சட்னி அரைத்துக் கறையோடு பேக் பண்ணினவள்தானே நான்? அதே நான், இங்கே வந்து வரி போடச் சொல்லி முழங்காலில் நிற்கிறேன்! வரி என்பது நம் பெட்டியைத் திறந்தால் அநியாயம். அடுத்தவர் பெட்டியைத் திறந்தால் தேசப் பாதுகாப்பு.

அந்த அடுத்தவர் ஜெபராஜ் என்பதுதான் கஷ்டம்.

வாங்குகிறேன் என்று சொல்லியிருந்த மோட்டல்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். "இந்த விலைக்கு எனக்கு நோட்டுப் புத்தகமே போதும் பாய்" என்றாராம் ஒரு குஜராத்திக்காரர். உள்ளூர் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்றால், புரோகிராமைத் திரும்ப எழுதவே ஆறு மாசம் ஆகும். பேங்க் ஆறு மாசம் காத்திருக்குமா? கோடை ஆரம்பிக்கும்போது கடையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டின் மேல் வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது.

இவர் சும்மா இருக்கவில்லை. ஜெபராஜுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்க முடியுமா என்று மேனேஜரிடம் போய் நின்றார். "இருக்கறவங்களை வெச்சுக்கறதே பெரிய விஷயம், புது ஆள் எடுக்கிறதாவது" என்று சொல்லிவிட்டாராம். அப்போது அந்த மேனேஜர் கூடவே இன்னொன்றும் சொன்னார் — ஜப்பான் சிப் விலை ஏறிவிட்டதால் இவர் வேலைக்கு இனி பயமில்லை, கிரீன் கார்டு பேப்பரும் நகர்ந்துவிட்டது என்று.

வீட்டுக்கு வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? தூக்கம் கூட நன்றாக வந்தது. காலையில் எழுந்ததும் கிரேஸ் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"சனிக்கிழமை சாட்சி சொல்ல வேணாங்க" என்றேன்.

"ஆமா, வேணாம்" என்றார் இவரும்.

இதுதான் கேசரி கிண்டாத கதை.

பிளசன்டனில், அங்கிள் வீட்டில் கூட்டம். பாட்டு முடிந்தது. "யாருக்காவது சாட்சி உண்டா?" என்று அங்கிள் கேட்டார். நான் வேதப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"அக்கா..."

கிரேஸ் குரல்.

"செல்வின் அண்ணனுக்கு வேலை நிச்சயமாயிடுச்சுன்னு இவர் சொன்னாரே. எழுந்து சொல்லுங்கக்கா. நாங்களும்தானே ஆமென் சொன்னோம்?"

குத்திக் காட்டினாளா, மனசாரச் சொன்னாளா? எனக்குத் தெரியவில்லை. எழுந்தேன். "இவருக்கு வேலை நிலைச்சிடுச்சு. ஸ்தோத்திரம்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் கிச்சனில் அவள் காபிக் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைக்கப் போனேன்.

"என் மேல கோபமா கிரேஸ்?"

"உங்க மேல இல்லக்கா. ஜப்பான்காரன் மேலயும் இல்ல. யார் மேலயாவது கோபம் வந்தா நல்லா இருக்கும். வர மாட்டேங்குது" என்றாள். குழாயை மூடாமலே நின்றாள். அப்புறம் மெதுவாக, "இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்றோம்க்கா. வித்துட்டோம்."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? அழுதது யார் என்று கேட்காதீர்கள்.

இந்த வரியைக் கட்டப் போவது ஜப்பான்காரன் என்று இங்கே பேப்பரில் எல்லாம் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்து, கட்டினவள் கிரேஸ்.