திரையில் தெரிந்த விரல்

கொடைக்கானலில் மரியஅந்தோணியின் சாக்லேட் கடையில் ஆன்லைன் ஆர்டர் பார்ப்பது ஆக்ஸிலியா. வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவாள். பளபளப்பான லேப்டாப் திரையில் வாசல் வெளிச்சம் விழுந்து கண்ணைக் குத்தும். வெளிச்சத்தை எதிரொளிக்காத மேட் திரை லேப்டாப் கேட்டு இரண்டு வருடமாக நச்சரித்தாள்.

"நாளைக்குத் திண்டுக்கல் போறேன். மேட்டே வாங்கியாரேன், போதுமா?" என்றார் மரியஅந்தோணி, அவளுக்குப் பின்னால் பெட்டி அடுக்கியபடி.

அன்று மூடுபனி இறங்கி வெளிச்சம் மங்கியிருந்தது. அணைந்த திரையில் அவர் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த குட்டிக் காகிதக் கப்புகளில் ஒன்றைப் பிரித்து, அதே விரலால் சாக்லேட்டை எடுத்து வைத்தார். மறுபடி நாக்கு. ஒவ்வொரு கப்புக்கும் ஒரு நக்கு.

காலையில் அவளும் அதில் ஒன்றைத் தின்றிருந்தாள். 'வீட்டுச் சுவை' என்று வாங்கியவர்கள் ஊர் ஊராகப் பாராட்டி எழுதினார்களே, அது இதுதானா?

"அண்ணே, பளபளப்பே இருக்கட்டும்."

"தலைவலின்னு உசுர எடுத்தியே?"

"வலிச்சா வலிக்கட்டும். உங்க வெரல் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

விரல் வாயருகே நின்றுவிட்டது. அவள் எழுந்து, அவர் அடுக்கிய மூன்று பெட்டிகளையும் குப்பையில் கொட்டினாள்.