சோயா தின்னாத விரால்

அத்தை விரால் மீன் வளர்க்கத் தொடங்கிய வருடம் நான் மூன்றாம் வகுப்பு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு வந்து, ஒத்தக்கடைக்கு வெளியே எங்கள் வயலில் நெல் சரியாக வராத தாழ்வான மூலையில் குளம் வெட்டச் சொன்னவள். கல்யாணப் பேச்சை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லி அந்த மூலையை அப்பாவிடம் வாங்கியிருந்தாள். அந்த ஒரு வருடம்தான் அவளுக்குக் கெடு.

விராலுக்குக் கருவாட்டுத் தூள் கலந்த தீவனம் வேண்டும். பொடிமீன்களைக் காயவைத்து அரைத்த அந்தத் தூள், கடற்கரைப் பக்கமிருந்து மூட்டையாக வரும். சித்திரை மாதம் கடலில் மீன்பிடித் தடை தொடங்கியதும் மூட்டை வருவது நின்றுபோனது. ஏற்கெனவே கலந்து வைத்திருந்த தீவனம் குளத்துக்கு ஒரு மாதம் வரும்; அதற்கு மேல் மோட்டார் ரூமில் ஒரே ஒரு மூட்டைத் தூள்தான் மிச்சமிருந்தது.

"கடல் மீனை அரைச்சு வயக்காட்டு மீனுக்குப் போட்டுக்கிட்டே இருக்க முடியாதுண்ணே. சோயாப் புண்ணாக்குல அம்புட்டுச் சத்தும் இருக்கு" என்றாள் அத்தை.

"விராலைச் சைவமாக்கப் போறியா தாயி?" என்றார் அப்பா. சிரிக்காமல்தான் கேட்டார்.

அத்தை முதலில் சோதித்துப் பார்க்க நினைத்தாள். மோட்டார் ரூம் அருகே இரண்டு சிமெண்ட் தொட்டிகள் இருந்தன. ஒன்றில் இருந்த விரால்களுக்குப் பழைய தீவனம். இன்னொன்றுக்குப் புதியது: சோயாப் புண்ணாக்கையும் தவிட்டையும் வேகவைத்துப் பிசைந்து, இடியாப்பக் குழலில் பிழிந்து, வெயிலில் காயவைத்து ஒடித்தது. எனக்குக் கோடை விடுமுறை. நாள் முழுக்கத் தொட்டி விளிம்பில்தான் கிடந்தேன்.

சோயாத் தொட்டி மீன்கள் மேலே வந்து ஒரு துண்டைக் கவ்வும். உடனே துப்பிவிட்டுக் கீழே போய்விடும். ஐந்து நாள் இப்படியே நடந்தது. பக்கத்துத் தொட்டி மீன்கள் தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளித் தின்றுகொண்டிருக்க, இவை மட்டும் பட்டினி கிடந்தன. எனக்குத் தாங்கவில்லை. ஆறாம் நாள் அத்தை கை கழுவப் போன நேரத்தில், மூட்டையிலிருந்து ஒரு பிடி கருவாட்டுத் தூளை அள்ளி, கூடையிலிருந்த சோயா மாவில் போட்டுப் பிசைந்துவிட்டேன்.

மறுநாள் மீன்கள் தின்றன. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். "பழகிருச்சு பாத்தியா?" என்று சொல்லி, சோதனைக் கணக்கு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டாள். அதன் பிறகு மாவு பிசையும்போதெல்லாம் நான் என் ஒரு பிடியைத் தவறாமல் சேர்த்தேன். மூன்று வாரத்தில் இரண்டு தொட்டி மீன்களும் ஒரே எடை. அப்பாகூட வந்து குனிந்து பார்த்தார்.

அந்தத் தைரியத்தில் அத்தை குளம் முழுவதற்கும் சோயாத் தீவனத்தை அரவை மில்லில் கொடுத்துத் தயாரித்தாள். மில்லுக்குள் என் கை எட்டவில்லை.

குளத்து மீன்கள் தீவனத்தைத் தொடவில்லை. ஒரு வாரத்தில் குளத்தில் சின்ன மீன்கள் குறையத் தொடங்கின. ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை. பசித்த பெரிய விரால்கள் சின்னதை விழுங்கிக்கொண்டிருந்தன.

"இருக்குறதைப் பிடிச்சு வித்துருவோம் தாயி" என்றார் அப்பா. அத்தை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து, எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தை சட்டென்று எழுந்து என் தோளைப் பிடித்தாள்.

"எம்புட்டுப் போட்ட?"

அவள் கண்ணில் அப்படி ஒரு வெறி. எவ்வளவு போட்டேனோ அவ்வளவு அடி விழும் என்று நான் கணக்குப் போட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினேன்.

"ஒரு சிட்டிகை."

"நெசமாவா? அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் அத்தை."

அவள் உடனே ஒரு கூடை மாவுக்கு ஒரு சிட்டிகை சேர்த்துப் பிசைந்தாள். மறுநாள் மீன்கள் வந்து முகர்ந்துவிட்டுப் போயின. அடுத்த நாள் ஒரு கரண்டி. சில மீன்கள் கவ்வித் துப்பின. அதற்கடுத்த நாள் இரண்டு கரண்டி. நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவள் சலித்துப்போய் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். அந்தத் தீவனத்துக்குக் குளம் கலங்கித் துள்ளியது. அப்பா வரப்பிலேயே நின்றுவிட்டார். ஒரு கூடைக்கு ஒரு பிடி என்றால் தடைக்காலம் முடியும்வரை அந்த ஒற்றை மூட்டை தாங்கும் என்று அத்தை சொன்னாள், தாங்கவும் செய்தது.

அன்று என்னை யாரும் அடிக்கவில்லை. சின்னதாகச் சொன்னதால்தான் தப்பித்தேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அத்தை என்னிடம் கேட்டது குற்றத்தின் அளவை அல்ல, தீவனத்தின் அளவை என்பதும், நான் வாய் திறக்காமல் நின்ற அந்த மூன்று நாளும் குளத்துக்குள் சின்ன மீன்கள் குறைந்துகொண்டே இருந்தன என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை.