ரசீது அக்கா கொடுத்த முன்னூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

உயர்கல்வித் துறை அலுவலகத்தின் தரைத்தளத்தில் ரசீது அக்காவைத் தாண்டாமல் யாரும் மாடி ஏற முடியாது. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். ஒருமுறை கல்யாணப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறார். வீட்டில் காலி டம்ளரைத் திருப்பித் தரும்போதெல்லாம் அவர் கணவர், "சீட்டு எங்க?" என்று கையை நீட்டுவார்.

கிண்டல் செய்பவர்களுக்குக் காரணம் தெரியாது. பள்ளியை முடித்த வருடம் அக்கா கல்லூரிக்கு விண்ணப்பித்தார். இதே மாதிரி ஒரு ஜன்னலில், தன் கையாலேயே கொடுத்தார். பட்டியலில் பெயர் வரவில்லை. போய்க் கேட்டால், "நீ குடுத்ததா பதிவே இல்லையேம்மா. அத்தாட்சி இருக்கா?" என்றார்கள். அத்தாட்சிக்கு எங்கே போவது? அத்தோடு படிப்புக்கு முழுக்கு. பிறகு தட்டச்சு கற்று, தேர்வு எழுதி, இந்தத் துறையிலேயே குமாஸ்தாவாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த ஜன்னல் மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

இந்த நிலையில்தான், அடுத்த பத்து வருடத்துக்கு உயர்கல்வியில் எதற்கு முன்னுரிமை தரலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்க மாநில அரசு முடிவு செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் கூட்டத்தை வேலைநாளில், காலை பதினோரு மணிக்கு வைத்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் தனியார் கல்லூரிக்காரர்களும் வந்து மைக்கைப் பிடித்தார்கள். வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் எப்படி வருவார்? அப்படி வர முடியாதவர்களுக்காக, தரைத்தளத்தில் ஒரு மேஜை போட்டு, கருத்துப் படிவங்களை அடுக்கி, அக்காவை உட்கார வைத்தார்கள். படிவத்தில் பெயர், வயது, தொழில், படித்த படிப்பு; கடைசியில் 'உயர்கல்வியில் உங்களுக்கு எது தேவை?' என்று ஒரே ஒரு கேள்வி. கீழே ஐந்து கோடுகள்.

மாலைக் கல்லூரி வேண்டும் என்று முதலில் எழுதிக் கொடுத்தவர் ஒரு பஸ் கண்டக்டர். அக்கா பழக்க தோஷத்தில் முத்திரை குத்தி, எண் போட்டு, சீட்டைக் கொடுத்துவிட்டார். கருத்துக்குச் சீட்டு கொடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அங்கேதான் வந்தது வினை. கண்டக்டர் அந்தச் சீட்டைத் தன் பஸ்ஸில் ஏறிய தெரிந்த முகத்துக்கெல்லாம் காட்டினார். "வேலை பார்க்கிறவங்களுக்கு மாலைக் கல்லூரி வருதாம். வயசெல்லாம் பார்க்கலையாம். நம்பர் குடுத்துட்டாங்க பாருங்க!"

அதன்பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டமாக அல்ல, ஒவ்வொருவராக, சீருடையோடு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். "தம்பிக்காகக் கேக்கறேன்" என்று ஆரம்பித்துவிட்டுப் படிவத்தில் தங்கள் வயதை எழுதினார்கள். ஐந்து கோடுகளையும் காலியாக விட்டு, பழைய மதிப்பெண் சான்றிதழின் நகலை இணைத்து, மூலையில் போட்டோ ஒட்டித் தந்தார்கள். எதிரே இருந்த மருத்துவமனையின் வார்டு உதவியாளர் ஒருத்தி சாப்பாட்டு வேளையில் ஓடிவந்தாள். முப்பத்து நான்கு வயது. "தங்கச்சிக்குத்தான்" என்றாள். சீட்டை வாங்கிக்கொண்டு, "வகுப்பு எப்போக்கா ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. இவர்கள் எல்லோரும் இதை விண்ணப்பம் என்று நினைத்துவிட்டார்கள்! உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "சொல்றேம்மா" என்று மட்டும் முனகினார்.

மேஜையை எடுத்த அன்று, பிரிவு அதிகாரி கட்டைப் புரட்டிப் பார்த்தார். எதைச் சொன்னாலும் 'சுருக்கமா' என்பதால் அவருக்கு அலுவலகத்தில் சுருக்கமா சார் என்றே பெயர்.

"இணைப்பு வெச்ச முன்னூத்திப் பன்னெண்டும் தள்ளுபடி. கருத்துன்னு ஒரு வரி இல்லையே. கட்டிப் பரண்ல போட்டுடுங்க."

"தப்பு என்னோடது சார்," என்றார் அக்கா. "நான் சீட்டு குடுக்கப் போய்த்தான் அவங்க அப்படி நெனச்சிட்டாங்க."

"சரி. அதுக்காகப் பதில் வந்துடுமா? அஞ்சு கோடும் காலி."

"உங்களுக்கு எது தேவைன்னு கேட்டோம். சாப்பிடற நேரத்தை விட்டுட்டு, எங்கயோ கெடந்த மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து, போட்டோ ஒட்டிக் கொண்டாந்து குடுத்திருக்காங்க. இதுக்கு மேல எப்படி சார் சொல்றது?" அக்காவின் குரல் உடைந்தது. "நாளைக்கு வந்து கேட்டா, நீங்க குடுத்ததா பதிவே இல்லைன்னு சொல்லணும். அதை என் வாயால சொல்ல மாட்டேன் சார். நம்பர் போட்டாச்சு."

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுருக்கமா எழுதிக் குடுங்க" என்றார்.

அக்கா எழுதிய ஒரே வரி அறிக்கையில் ஏறியது: 'வேலை பார்க்கும் 312 பேர் மாலைக் கல்லூரியில் சேரவே வந்துவிட்டார்கள்.' பன்னிரண்டு முன்னுரிமைகளில் அதற்குப் பதினோராவது இடம். மைக் பிடித்தவர்கள் முன்வரிசையை வளைத்துக்கொண்டார்கள். அது எப்போதும் நடப்பதுதான். அனுமதியில்லாமல் சீட்டு கொடுத்ததற்கு அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. பழக்கம் போகுமா, மெமோ கொண்டுவந்த பியூனுக்கும் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் அக்காவே எதிரே இருந்த மருத்துவமனைக்குப் போனார். படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்த வார்டு உதவியாளர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"தேதி வந்துடுச்சாக்கா?"

"இல்லம்மா. அது விண்ணப்பமே இல்ல. என்ன வேணும்னு கருத்துதான் கேட்டாங்க. சீட்டு குடுத்து ஆசை காட்டினது என் தப்பு. மாலைக் கல்லூரி வேணும்னு அறிக்கையில போயிருக்கு. வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவள் முகம் வாடியது. பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்துப் பார்த்தாள். "அப்போ இந்த இருநூத்திப் பதினாலு?"

"நீ கேட்டதுக்கு நம்பர். உனக்கு முன்னாடி இருநூத்திப் பதிமூணு பேரு. பின்னாடி இன்னும் தொண்ணூத்தெட்டு பேரு."

"இத்தனை பேரா?" சீட்டை மறுபடி விரித்துப் பார்த்தாள். "எல்லாரும் தங்கச்சிக்குத்தான் கேட்டாங்களா?"

"தங்கச்சிக்கு, தம்பிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அடுத்த கட்டிலருகே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்ன சீட்டு அது?" என்று கேட்டார்.

"பி.காம். படிக்கணும்னு கேட்டிருக்கேன் சிஸ்டர்," என்றாள் அவள், வார்டு முழுக்கக் கேட்கும்படி. "எனக்குத்தான்."