விமானப் படத்தில் ஒரு குளம்

போன மாதம் ஒரு போன்.

"அண்ணாச்சி, அந்தக் காலத்துல இங்கன படப் பெட்டியெல்லாம் நீங்கதான் பாத்துக்கிட்டியளாமே? ஒரு நட வந்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். நாற்பது வருஷம் கழித்து எதற்குக் கூப்பிடுகிறார்கள்? எதையாவது தொலைத்திருப்பேனோ? பாளையங்கோட்டை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டேதான் போனேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். முதலில் கிடைத்த வேலை, இப்போது போன் வந்த அந்த அலுவலகத்தில் தூசி தட்டுவது. சாதாரணத் தூசியா? பொதிகை மலைக் காட்டை விமானத்தில் பறந்து பறந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் உட்கார்ந்த தூசி. பின்னால் அணைத் தண்ணீருக்கு அடியில் போய்விட்ட காடுகூட அந்தப் படங்களில் நிற்கும்... மரம் மரமாக.

மேஜையில் இரண்டு கண்ணாடி பதித்த ஸ்டாண்டு ஒன்று உண்டு. அடுத்தடுத்த படங்கள் இரண்டை அதனடியில் வைத்துக் குனிந்தால், மலை எழுந்து நிற்கும். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் திருட்டுத்தனமாக ஒருநாள் பார்த்தேன். அருவி வெள்ளை நூலாகத் தொங்கியது. பள்ளத்தில் விழுந்துவிடுவேனோ என்று பயந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அப்படி ஓர் உயரத்தில் அதற்குப் பிறகு நான் நின்றதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன் பண்ணியவர் ஜெயராணி. அந்தப் படங்களை ஸ்கேன் செய்து, எதில் என்ன தெரிகிறது என்று பட்டியல் போடுகிறார். ஒரு படத்தை என் முன்னால் நகர்த்தினார்.

"இந்தக் குளத்தப் பாத்தியளா? பிறை மாதிரி வளஞ்சி கெடக்கு. எந்த மேப்லயும் இல்ல. யானை தண்ணி குடிச்ச எடமா இருக்கும்னு சொல்லுதாங்க. வெள்ளிக்கெழம நாலு பேரு தேடி மலையேறுதாங்க. உங்க காலத்துல யாரும் இதப்பத்திப் பேசியிருக்காவளா?"

பார்த்தேன். ஓரமெல்லாம் ரம்பப் பல். நடுவில் மெல்லிய நரம்பு.

அது குளமில்லை. வேப்பிலை.

அந்த நாளில் பெட்டிக்குள் ஒரு பூச்சி ஓடியதைப் பார்த்துவிட்டேன். படத்தை அரித்தால் வேலை போய்விடுமே? அரிசிப் பானையிலும் பட்டுச்சேலை மடிப்பிலும் நம் வீடுகளில் என்ன வைப்போம்? வாசல் மரத்தில் பறித்து, படத்துக்குப் படம் செருகிவிட்டேன். பச்சையாக. காயவைக்கப் பயம் விடவில்லை. இலை எப்போதோ பொடியாகிவிட்டது. கறை தங்கிவிட்டது.

சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் நாலு பேர், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, இல்லாத குளத்தைத் தேடி... ஒருவர் வழுக்கி விழுந்தால்? என் மனசு அதற்குள் அவரைக் கட்டிலில் போட்டுக் காலுக்கு மாவுக்கட்டே போட்டுவிட்டது.

சொல்லிவிட்டேன்.

ஜெயராணி படத்தைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு தரம் பார்த்தார்.

"என்னத்துக்கு வச்சிய?"

"பூச்சி வரக்கூடாதுன்னுதாம்மா."

"பூச்சி வரல. குளம்லா வந்திருக்கு."

"கறை விழுந்த எடத்துக் காடு அப்ப படத்துல அழிஞ்சே போச்சாம்மா?"

"பைய இருங்க அண்ணாச்சி. பயந்து சாவாதிய."

அடுத்த படத்தை எடுத்தார். விமானத்தில் எடுக்கும்போது ஒரு படத்தில் பாதிக்கு மேல் அடுத்ததிலும் விழுகிற மாதிரிதான் எடுப்பார்களாம். அதே சரிவு. அந்த இடத்தில் கறை இல்லை. காடு அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது; மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சமாளித்தேன்.

மலையேற இருந்தவர்களுக்குப் போன் பண்ணி நிறுத்திவிட்டு, ஜெயராணி என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஒரு பெட்டியிலதான வச்சிய?"

நான் தரையைப் பார்த்தேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். குளம் எது, இலை எது என்று நான் சொல்ல, அவர் பட்டியலைத் திருத்துகிறார். கவலையே படாதவன் பார்த்திருந்தால் படங்கள் பூச்சிக்குப் போயிருக்கும். கவலைப்பட்டவன் பார்த்ததால் கறையோடாவது இருக்கின்றன. இதில் எது தேவலை? யோசித்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

குளத்தைத் தூர்ப்பது பெரும்பாவம் என்பார்கள். நேற்றுவரை பதினொன்று தூர்த்தாயிற்று.